ஆற்றுக்கு யார் இடம் விடுவது? நெதர்லாந்து, பெல்ஜியம் பயணக் குறிப்புகள்

திங்கள்: ஹேக் நகரக் கடற்கரை

சித்தி மகன் டெல்ஃப்ட்டில் நீர்ப் பொறியியல் படிக்கிறான். "பெரிய அணை, பெரிய மதகெல்லாம் எல்லாரும் பார்க்கிறதுதான், அக்கா. கரையைப் பின்னால தள்ளி வச்ச இடம், வேணும்னே தண்ணிய உள்ள விட்ட இடம் இருக்கு. அதுக்குப் போவோம்" என்றான். அலை, காற்று, சேறு, புல், மரம் ஆகியவற்றை வெள்ளத் தடுப்பு வேலைக்கு வைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டங்கள் இங்கேயும் பக்கத்து பெல்ஜியத்திலும் நிறைய இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பார்த்து, அன்றன்று எழுதிப் போட உத்தேசம்.

முதலில் மணல் மோட்டார். ஹேக் நகரிலிருந்து கெய்க்டுய்னுக்குப் பேருந்து, அங்கிருந்து தெற்கே நடை. போய்ச் சேர்ந்ததும் ஏமாற்றம்தான். அகலமான கடற்கரை, நடுவே ஒரு தேங்கிய குளம், பட்டம் பிடித்து அலைமேல் சறுக்கும் இளைஞர்கள். கேமராக்கள் பொருத்திய உயரமான கம்பம் ஒன்று மட்டும், இங்கே யாரோ எதையோ அளக்கிறார்கள் என்று சொன்னது.

விஷயம் என்னவென்றால், இந்த நாட்டின் கடற்கரை சும்மா விட்டால் தேய்ந்துகொண்டே போகும். 1990-ல் இருந்த கரைக்கோடு அதற்குமேல் பின்வாங்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. அதற்காக ஆண்டுதோறும் கடலடியிலிருந்து சுமார் 1.2 கோடி கன மீட்டர் மணலை அள்ளிக் கரையோரம் கொட்டுகிறார்கள். கொட்டிய மணலை நாலைந்து ஆண்டுகளில் அலை தின்றுவிடும். மறுபடி கப்பல், மறுபடி மணல். ஒவ்வொரு முறையும் அடியில் வாழும் புழுவும் சிப்பியும் மணலுக்குள் புதைந்து, பிழைத்து எழுவதற்குள் அடுத்த லோடு வந்துவிடும்.

2011-ல் இதை மாற்றிப் பார்த்தார்கள். டெல்ஃப்ட் பேராசிரியர் மார்செல் ஸ்டைவ் போன்றவர்கள் முன்வைத்த யோசனை இது. பல இடங்களில் சிறிது சிறிதாகக் கொட்டாமல், ஒரே இடத்தில் ஒரேயடியாக 2 கோடியே 15 லட்சம் கன மீட்டரைக் கொட்டிவிடுவது. கொக்கி வடிவத்தில் கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் நீண்ட, 128 ஹெக்டேர் மணல் தீபகற்பம் உருவானது. செலவு சுமார் 7 கோடி யூரோ. அதற்குப் பிறகு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வடக்கிலும் தெற்கிலும் மணலைப் பரப்புவது அலை, நீரோட்டம், காற்று இவற்றின் பாடு.

அந்தக் கொக்கி இன்று இல்லை. கரைந்து, தட்டையாகி, கரையோடு சேர்ந்த ஒரு நீண்ட வீக்கமாகிவிட்டது. அதைத்தான் எதிர்பார்த்தார்கள். இருபது ஆண்டு தாங்கும் என்று போட்ட கணக்கைவிடக் கூடுதலாகவே தாங்கும் என்று அளவீடுகள் காட்டுகின்றன. மணல்மேடுகள் மட்டும் நினைத்த வேகத்தில் வளரவில்லை. காற்று கிளப்பிய மணலில் கணிசமான பங்கை நடுவிலிருந்த குளமும் காயலும் விழுங்கிவிட்டன. மென்மணல் பறந்துபோன இடங்களில் சிப்பி ஓடுகள் ஒரு மேலோடுபோலத் தங்கி, அடியிலிருந்த மணலைப் பறக்க விடாமல் பிடித்துக்கொண்டன. தவறிய கணிப்புகளையும் மறைக்காமல் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு வேடிக்கை. மணல் அள்ளிய கடலடி, பனியுகத்தில் தரையாக இருந்த பகுதி. அதனால் இந்தக் கரையில் மாமூத் பல் பொறுக்கலாம். 2016-ல் ஒருவருக்கு ஒரு சிறு கல்லாயுதம் கிடைத்தது. நியாண்டர்தால் மனிதர்கள் பிர்ச் மரப் பிசின் தார் ஒட்டிப் பயன்படுத்திய அதன் வயது ஏறக்குறைய 50,000 ஆண்டு. நாங்கள் குனிந்து குனிந்து நடந்ததில் இடுப்பு வலி மட்டும் கிடைத்தது.

திரும்பும்போது தம்பியிடம், இவ்வளவு பெரிய சோதனைக்கு எதிர்ப்பு வரவில்லையா என்று கேட்டேன். நீச்சலுக்கு ஆபத்து, கடல் தூரமாகப் போய்விட்டது என்ற முணுமுணுப்பு இருந்ததாம். "யாரோட வீட்டையும் காலி பண்ணச் சொல்லலையே, அக்கா" என்றான். இனி போகும் ஒவ்வொரு இடத்திலும் இதைத்தான் முதலில் கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

செவ்வாய்: ஊவர்கெர்க், ஊஸ்டர்ஸ்கெல்டே

ஸீலாந்து மாகாணத்துக்கு வந்தால் 1953-ஐத் தாண்டி நடக்க முடியாது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் தேதி அதிகாலையில் வடகடல் கரைகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். ஊவர்கெர்க்கில் இருந்த உடைப்பைத்தான் கடைசியாக, அதே ஆண்டு நவம்பரில், அடைத்தார்கள். அதற்காக இறக்கிய பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகள் நான்கும் இன்று வெள்ள அருங்காட்சியகம். உள்ளே இறந்தவர்களின் பெயர்கள். அதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பதிலடியாக வந்ததுதான் டெல்டா திட்டம், கழிமுகங்களை அணைகளாலும் தடுப்புகளாலும் காக்கும் ஏற்பாடு. ஊஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தை முழுதாக அடைத்துவிடுவதாகத்தான் முதல் திட்டம். மீனவர்களும் சிப்பி வளர்ப்பவர்களும் இயற்கை ஆர்வலர்களும் போராடினார்கள். அதனால் மூடிய அணைக்குப் பதிலாக, 62 கதவுகளோடு திறந்தே இருந்து, புயலின்போது மட்டும் மூடும் தடுப்பு 1986-ல் வந்தது. கடலும் வாழும், ஊரும் வாழும் என்ற சமரசம். உலகமே பாராட்டியது.

ஆனால் தண்ணீருக்குத் தன் கணக்கு இருக்கிறது. தூண்கள் வழியை அடைத்ததால் உள்ளே வந்துபோகும் ஓத நீரின் (கடல் நாள்தோறும் ஏறி இறங்கும் நீரின்) அளவும் வேகமும் குறைந்தன. புயலடிக்கும்போது அலை சேற்றுத்திட்டுகளின் மணலைக் கரைத்துப் பக்கத்துக் கால்வாய்களில் தள்ளும். முன்பெல்லாம் வேகமான ஓதம் அதைத் திரும்ப மேலேற்றிவிடும். இப்போது அந்த வேகம் இல்லை. போன மணல் போனதுதான். இங்கே இதை மணல் பசி என்கிறார்கள். திட்டுகள் ஆண்டுதோறும் தேய்கின்றன. தேய்ந்தால் பறவைக்கு இரை இல்லை. அதோடு கரையை நோக்கி வரும் அலையை முன்னதாகவே உடைக்க ஆளும் இல்லை.

இதற்கு ஒரு சிறு வைத்தியத்தை 2010 வாக்கில் சோதித்தார்கள். கம்பிக் கூண்டுகளில் சிப்பி ஓடுகளை நிரப்பி, சேற்றுத்திட்டின் ஓரத்தில் 200 மீட்டர் நீளத்துக்கு 10 மீட்டர் அகலத்தில் அடுக்குவது. ஓட்டின் மேல் புதிய சிப்பிக் குஞ்சுகள் ஒட்டும், கம்பி துருப்பிடித்து உதிர்வதற்குள் அவை தாமே ஒரு பாறையாகிவிடும், அலை அதில் மோதி ஓயும் என்று எதிர்பார்த்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து சைக்கிளில் சிறிது நேரத்தில் வியானே கரை. அங்கேயும் அப்படி ஒரு அடுக்கு உண்டு. வற்று ஓதத்தில் தூரத்தில் ஒரு கருங்கோடு தெரிந்தது. கரைமேல் நின்று பார்ப்பதோடு சரி. சேற்றில் இறங்குவது விவேகமில்லை.

வேலை செய்ததா? இடத்தைப் பொறுத்தது. அதிக நேரம் தண்ணீருக்கு வெளியே கிடக்கும் உயரத்தில் வைத்தால் சிப்பி நிலைக்காது. தாழ்வாக வைத்தால் பிழைக்கும். பிழைத்த இடத்திலும் அடுக்குக்குப் பின்னால் உள்ள ஒரு பட்டைதான் காப்பாற்றப்படுகிறது, மொத்தத் திட்டும் அல்ல. மாபெரும் கழிமுகம் ஒன்றின் பசியை இரண்டு மூன்று சிப்பி வேலிகள் தீர்க்காது என்பது கரையில் நிற்கும் எவருக்கும் தெரியும். ஆகவே பெரிய திட்டுகளுக்கு மணலையும் கொட்டுகிறார்கள். 2008-ல் கால்கன்பிளாட், 2019-ல் ரோகன்பிளாட். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் சிப்பிப் படத்தை மட்டும் போடும் விளம்பரக் கையேடுகள் எனக்கு எரிச்சலூட்டின.

புதன்: க்ரோய்பேகே, லிப்பன்ப்ரூக்

எல்லை தாண்டி பெல்ஜியம். ஆன்ட்வெர்ப்புக்குச் சற்று மேலே ஹோபோகன் என்ற இடத்தில் ஸ்கெல்ட் ஆற்றைக் கடக்க இலவசப் படகு இருக்கிறது. சைக்கிளோடு ஏறி, அக்கரையில் க்ரோய்பேகேயில் இறங்கினோம்.

இன்று பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இவ்வளவு சாமர்த்தியமான ஒரு மதகை நான் பார்த்ததில்லை.

ஸ்கெல்ட் கடலோடு சேர்ந்து மூச்சு விடும் ஆறு. ஆன்ட்வெர்ப் பக்கம் நாளுக்கு இருமுறை ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. 1976 ஜனவரிப் புயலில் கரை உடைந்து ரூயிஸ்ப்ரூக் என்ற ஊர் மூழ்கியது. அடுத்த ஆண்டே சிக்மா திட்டம் வந்தது. கரைகளை உயர்த்துவது ஒரு பகுதி. புயல் நாளில் ஆற்றின் உச்சி நீரைக் கொட்டிவைக்கச் சில தாழ்நிலங்களை ஒதுக்குவது இன்னொரு பகுதி. ஆற்றோரக் கரையைத் தாழ்த்திவிடுவார்கள்; நிலத்தின் பின்புறம் ஊரையொட்டி உயரமான சுற்றுக்கரை எழுப்புவார்கள். புயல் வந்தால் தண்ணீர் தாழ்ந்த கரையைத் தாண்டி நிலத்தில் இறங்கும். ஆன்ட்வெர்ப்புக்குப் போக வேண்டிய உச்சி இங்கேயே குறையும்.

அந்த நிலத்தை மற்ற நாட்களில் என்ன செய்வது? ஓதச் சதுப்பு ஆக்கலாம் என்றால் ஒரு சிக்கல். கரையைச் சும்மா உடைத்துவிட்டால் தினமும் இரண்டு வேளை நிலம் ஆழமாக நிரம்பும். புயல் வரும் அன்றும் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கும். காலிப் பாத்திரம் இருக்காது. நிலமும் தாழ்வு. அதில் முழு ஓதத்தை விட்டால் சதுப்புச் செடி முளைக்காது, சேறுதான் மிஞ்சும்.

விடை, இரண்டு மதகு. உள்வரும் மதகை உயரத்தில் வைத்தார்கள், வெளியேறும் மதகைத் தாழ்வாக வைத்தார்கள். ஒவ்வோர் ஓதத்திலும் உச்சியின் நுனி மட்டும் சிறிது நேரம் உள்ளே வழியும். ஆறு இறங்கியதும் கீழ் மதகு வழியாக வெளியே ஓடிவிடும். வெளியே ஐந்து மீட்டர் ஓதம் உள்ளே ஒரு மீட்டர் அளவுக்கு அடங்கிவிடுகிறது. அழகு எங்கே என்றால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் நிறைய வரும், இடைப்பட்ட நாட்களின் சிறிய ஓதத்தில் ஏறக்குறைய வராது. ஆற்றின் தாளம் அப்படியே உள்ளேயும் கேட்கும். நாணலுக்கும் மற்றச் செடிகளுக்கும் எந்த உயரத்தில் நிற்பது என்று தெரிய அந்த ஏற்றத்தாழ்வு வேண்டும்.

இதை முதலில் 2006-ல் லிப்பன்ப்ரூக் என்ற இடத்தில், வெறும் 10 ஹெக்டேரில் சோதித்தார்கள். முன்பு அது பயிர் நிலம். மதியம் சைக்கிளை மிதித்து அங்கே போய்ச் சேர்ந்தோம். இப்போது நாணல், வில்லோ, நடுவே தானாக வெட்டிக்கொண்ட வாய்க்கால்கள். தண்ணீர் நிற்கும்போது சுமந்து வந்த வண்டல் படிகிறது. வெளியேறும் நீரில் ஆக்ஸிஜன் கூடியிருக்கிறது. வயலை விட்டுப் போய்ப் பல தலைமுறை ஆன ஓதம், திரும்பி வந்து சில ஆண்டுகளில் இதைச் செய்திருக்கிறது.

பத்து ஹெக்டேரில் தேறியதை க்ரோய்பேகே, பாசல், ருப்பல்மொன்டே ஊர்களுக்கு நடுவே 600 ஹெக்டேர் ஒதுக்குநிலத்தின் ஒரு பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அது முழுதாகச் செயல்பாட்டுக்கு வந்தது 2015-ல். 1977-ல் போட்ட திட்டம்! நடுவில் இருந்தது பொறியியல் தாமதமல்ல. விவசாயிகள் எதிர்ப்பு, ஊரார் எதிர்ப்பு, நில எடுப்பு. ஆன்ட்வெர்ப் துறைமுக விரிவாக்கத்தில் அழிந்த இயற்கைக்கு ஈடாக இந்த நிலத்தின் ஒரு பகுதியைக் காட்டியதும் கோபத்தைக் கூட்டியது. துறைமுகம் அங்கே சம்பாதிக்க, நிலத்தை நாங்கள் ஏன் இழக்க வேண்டும் என்ற கேள்வி அநியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

வியாழன்: ஹெட்விகே

நேற்றைய கேள்வியின் இன்னும் கசப்பான வடிவம் ஆற்றின் கீழே, எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கிறது. கரை மேல் நின்றால் ஒருபுறம் டூல் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள், எதிரே சேறும் வாய்க்கால்களுமாக விரிந்த வெளி. பெல்ஜியப் பக்கம் ப்ராஸ்பர், நெதர்லாந்துப் பக்கம் ஹெட்விகே. இரண்டும் கரை கட்டி நீர் வடித்து விளைய வைத்த நிலங்கள்.

ஆன்ட்வெர்ப்புக்குப் பெரிய கப்பல்கள் போக ஸ்கெல்ட்டை ஆழப்படுத்தினார்கள். அதனால் கழிமுக இயற்கைக்கு நேர்ந்த இழப்பையும் சரிசெய்ய வேண்டும் என்று 2005-ல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. ஹெட்விகேயை ஆற்றுக்குத் திருப்பித் தருவது அதன் ஒரு பகுதி. ஸீலாந்து கொதித்தது. 1953-ல் கடலிடம் உயிரைக் கொடுத்த மாகாணத்திடம், நல்ல நிலத்தை நீங்களே கடலுக்குத் திறந்து விடுங்கள் என்றால்? அரசே மாற்று இடம் தேடிப் பல ஆண்டு அலைந்தது. கடைசியில் 2022-ல்தான் தண்ணீர் உள்ளே வந்தது.

எப்படியும் இடிக்கப் போகிற கரைகள் என்பதால், அதற்கு முன் அவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். உண்மையான, பழைய, புல் முளைத்த, விலங்குகள் வளை தோண்டிய கரைகளின் மேல் தண்ணீரைப் பாய்ச்சி, எப்போது, எங்கே, எப்படி உடைகிறது என்று பார்த்தார்கள். கரை உடைவதை அருகில் நின்று அளக்க வேறெங்கே வாய்ப்புக் கிடைக்கும்! நல்ல புல் வேர் எவ்வளவு தாங்கும் என்பதும், ஒரு வளை எவ்வளவு கெடுக்கும் என்பதும் அப்படித்தான் தெரியவந்தன.

கரையில் ஒரு முதியவரோடு பேசினோம். பறவைகள் நிறைய வந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை என்றார். கோதுமை இருந்தபோது இன்னும் அழகாக இருந்தது என்றும் சொன்னார்.

வெள்ளி: நோர்ட்வார்ட்

கடலை விட்டு ஆறுகளுக்குத் திரும்பியாயிற்று. 1993-லும் 1995-லும் ரைனும் மியூஸும் பயமுறுத்தின. 1995-ல் கரை தாங்குமா என்ற சந்தேகத்தில் இரண்டரை லட்சம் பேரையும் சுமார் பத்து லட்சம் கால்நடைகளையும் வெளியேற்றினார்கள். கரை தாங்கியது. ஆனால் இன்னும் எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்வி எழுந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'ஆற்றுக்கு இடம்' திட்டம். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், சுமார் 230 கோடி யூரோ. லோபித்தில் நாட்டுக்குள் நுழையும் ரைன் விநாடிக்கு 15,000 அல்ல, 16,000 கன மீட்டர் கொண்டுவந்தாலும் தாங்க வேண்டும் என்பது இலக்கு.

நோர்ட்வார்ட் அதில் பரப்பளவில் பெரியது, 4,450 ஹெக்டேர். வெர்க்கன்டாமிலிருந்து சைக்கிளில் போனோம். ஆற்றோரக் கரையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். ஆறு பெருகினால் தண்ணீர் இந்த நிலத்தைக் குறுக்குவழியாக்கிக் கடல் பக்கம் ஓடிவிடும். அதனால் மேலே கோரின்கெம் ஊரில் வெள்ள மட்டம் சுமார் 30 சென்டிமீட்டர் குறையும். அங்கே ஊரார் உலர்ந்திருக்க, இங்கே வீடுகள் இடிந்தன. சிலர் மேடு எழுப்பி மேலே குடியேறினார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள்.

நான் பார்க்க ஆசைப்பட்டது ஸ்டூர்காட் கோட்டையின் வில்லோ தோப்பு. பழைய கோட்டை, இப்போது அதில் வீடுகள். நிலம் ஆற்றுக்குப் போனதால் கோட்டைக்குப் புதுக் கரை வேண்டியிருந்தது. அகன்ற நீர்ப்பரப்பில் அலை எழும், அதைத் தாங்கக் கல் பதித்த உயரமான கரை வேண்டும் என்பது வழக்கமான விடை. அதற்குப் பதிலாகக் கரைக்கு முன்னால் அகலமாக ஒரு வில்லோ பட்டை நட்டார்கள். அலை அந்தக் கிளைகளுக்குள் நுழைந்து வெளிவருவதற்குள் அதன் உயரம் சுமார் 80 சதவீதம் குறையும் என்பது வடிவமைப்புக் கணக்கு. அதனால் கரையை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் தாழ்த்தி, களிமண்ணும் புல்லுமாகவே கட்ட முடிந்தது. தோப்பைப் பகுதி பகுதியாக முறைவைத்து வெட்டுகிறார்கள்; எப்போதும் ஒரு பாதி அடர்ந்து நிற்க வேண்டும். கூடை முடையவும் கரையோரப் பாய் பின்னவும் வில்லோ வெட்டிய பழைய பழக்கம்தான், வேலை மட்டும் புதிது.

மரத்தை நம்பிக் கரையைத் தாழ்த்தலாமா? எனக்கும் அந்தச் சந்தேகம். இதற்காகவே டெல்ஃப்ட்டில் 300 மீட்டர் நீளமுள்ள அலைத் தொட்டியில் 2018-ல் நிஜ வில்லோ மரங்களை நிறுத்திப் புயல் அலைகளை ஏவிப் பார்த்திருக்கிறார்கள். மரங்கள் நின்றன. இலை இல்லாத குளிர்காலத்தில் என்ன ஆகும் என்று பார்க்க, இலைகளை உருவிவிட்டும் சோதித்தார்கள் என்று தம்பி சொன்னான். புயல்கள் குளிர்காலத்தில்தான் வருகின்றன, ஆகவே அது சின்ன விஷயமில்லை.

கொஞ்சம் தள்ளி நீர் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எருமையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அவை அழகுக்கு நிற்கவில்லை. நாணலும் இளம் வில்லோவும் வெள்ளம் ஓடும் பாதையில் மண்டினால் ஓட்டம் தடைபட்டு மேலே மட்டம் உயரும். எருமைகள் அவற்றைக் கடித்துத் தாழ்வாக வைக்கின்றன. ஆக, கோட்டை முன்னால் வில்லோ காவலாளி, சிறிது தூரத்தில் அதே வில்லோ களை. இயற்கை வழி என்றதும் நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். வெட்ட ஆள் வேண்டும், மேய்க்க ஆள் வேண்டும், கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், அதுவும் ஆண்டுதோறும்.

சனி: ஓவர்டீப்

மழை. அதனால் சுருக்கமாக.

பெர்க்ஸே மாஸ் ஆற்றோரம் 550 ஹெக்டேர் சமவெளி. இங்கே வெள்ளம் விடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் விவசாயிகள் கொடி பிடிக்கவில்லை, தாங்களே ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஆற்றோரக் கரையைத் தாழ்த்துங்கள். பின்கரையை ஒட்டி எங்களுக்கு மேடுகள் எழுப்பிக் கொடுங்கள். வீடும் மாட்டுக்கொட்டகையும் மேட்டில் இருக்கட்டும், புல்வெளி சராசரியாக 25 ஆண்டுக்கு ஒரு முறை மூழ்கட்டும். அப்படியே 2015-ல் முடிந்தது. சுமார் ஆறு மீட்டர் உயர மேடுகள் எட்டு. ஆற்றின் உச்சி 27 சென்டிமீட்டர் குறையும்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் வெற்றிக் கதை இது. நியாயம்தான். ஆனால் முன்பு இங்கே இருந்த பண்ணைகள் எட்டு அல்ல, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிலம் எல்லாருக்கும் போதாது என்பதால் பாதிப் பேர் வேறு இடம் தேடினார்கள். விவசாயிகளே போட்ட திட்டத்திலும் அப்படி.

ஞாயிறு: நைமேகன்

வால் ஆறு நைமேகனில் வளைகிறது, வளையும் இடத்தில் குறுகவும் செய்கிறது. தெற்கே மேட்டில் பழைய நகரம், வடக்கே லென்ட் கிராமம். வெள்ளத்துக்கு அது கழுத்து நெரிபடும் இடம். நகரத்தைத் தள்ள முடியாது, எனவே லென்ட் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளினார்கள். சுமார் 50 வீடுகள் போயின. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதுக் கால்வாய் வெட்டினார்கள். நடுவில் மிஞ்சிய நிலம் தீவாகிவிட்டது. வெள்ள மட்டம் குறைவது சுமார் 35 சென்டிமீட்டர்.

இவ்வளவு பெரிய வேலைக்கு 35 சென்டிமீட்டர்தானா என்று கேட்டேன். "ஆத்துல அது பெரிய தொகை, அக்கா" என்றான். கரையை அந்த அளவுக்கு உயர்த்தினால் உடைந்தால் விழும் தண்ணீரும் அந்த அளவுக்கு உயரம் கூடி விழும். மட்டத்தைக் குறைத்தால் அந்த ஆபத்தும் சேர்ந்து குறைகிறது. இதுவரை கேட்ட விளக்கங்களில் எனக்கு நன்றாகப் பிடிபட்டது இதுதான்.

கால்வாயின் மேல்முனையில் ஒரு தாழ்ந்த தடுப்பு இருக்கிறது. சாதாரண நாட்களில் ஆறு பழைய வழியே போகும், கப்பலுக்கு ஆழம் வேண்டுமே. பெருகினால்தான் தடுப்பைத் தாண்டிக் கால்வாயில் பாயும். மற்ற நாட்களில் அது நீச்சல்குளம், படகுத்துறை, மாலை நேரப் பூங்கா. ஸாலிகே பாலம் என்ற நடைபாலத்தை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி மூழ்கும், அங்கே மிதித்துக் கடக்கக் கற்கள் வைத்திருக்கிறார்கள். 2018 ஜனவரியில் மூழ்கியபோது ஊரே வேடிக்கை பார்க்க வந்ததாம்.

இதை இயற்கை வழி என்று சொல்லலாமா? லென்ட் பக்கப் படித்துறை முழுக்கக் கான்கிரீட். மேலே புதுப் பாலங்கள். பாதி இயற்கை, பாதி கட்டுமானம். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. நகரத்துக்குள் ஆறு ஓடினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் காட்டுப் படத்தைப் போட்டுவிட்டு இந்த இடத்தின் கணக்கைச் சொல்லக் கூடாது.

திங்கள்: டெல்ஃப்ஸைல், டொலார்ட்

வடகிழக்கு மூலை. க்ரோனிங்கனிலிருந்து சிறு ரயில், முடிவில் டெல்ஃப்ஸைல் துறைமுகம். இங்கே பிரச்சினை சேறு. எம்ஸ் ஆற்றின் கழிமுகமும் டொலார்ட் விரிகுடாவும் அளவுக்கு மீறிக் கலங்கிவிட்டன. சூரிய ஒளி நீருக்குள் இறங்குவதில்லை, பாசி வளர்வதில்லை, மீனுக்கு இரை இல்லை. துறைமுகத்திலோ சேறு வந்து வந்து அடைகிறது. அள்ளிக் கடலில் கொட்டினால் திரும்ப வருகிறது. அதே நேரம், கடலோரத் தடுப்புக் கரைகளை வலுப்படுத்தக் களிமண் தூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும்.

2018-ல் தொடங்கிய சோதனை இந்த இரண்டு தலைவலிகளையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டது. துறைமுகத்திலும் அருகிலுள்ள ப்ரேபார்ட் நிலத்திலும் அள்ளிய சேற்றைப் பாத்தி பாத்தியாகப் பரப்பி, மூன்று ஆண்டு போல வெயிலும் மழையும் பட விட்டார்கள். மழை உப்பைக் கழுவும், வெயில் காயவைக்கும், இயந்திரம் புரட்டிப் போடும். பாத்திக்குப் பாத்தி முறையை மாற்றி, எது நல்ல களிமண் தருகிறது என்று பார்த்தார்கள். கிடைத்த களிமண்ணைக் கொண்டு 2022-ல் டொலார்ட் கரையில் ஒரு சோதனைத் துண்டு கட்டினார்கள். அதற்குப் பெயர் அகலப் பச்சைக் கரை.

அந்தக் கரையில் நடந்தோம். கரை என்றே தோன்றவில்லை, மெல்ல ஏறும் மேய்ச்சல் சரிவு. வழக்கமான கடலோரத் தடுப்புக் கரையில் கல்லும் தாரும் இருக்கும் இடத்தில் புல், அதில் ஆடுகள். சரிவு அவ்வளவு மென்மையாக இருப்பதால்தான் கல் தேவைப்படவில்லை. அலை நீண்ட தூரம் ஏறி ஓய்ந்துவிடுகிறது. அதற்கு முன்னாலேயே உவர்ப்புல் சதுப்பு அலையின் வேகத்தைப் பாதி தின்றுவிடும். அந்தச் சதுப்பும் தானாக வந்ததல்ல. இந்த மாகாணத்து விவசாயிகள் சேற்றில் குச்சி வேலி போட்டு, ஓடை வெட்டி, வண்டலைப் பிடித்து வளர்த்தது. நிலம் சேர்க்கச் செய்த வேலை, இன்று கரையைக் காக்கிறது. 1717 கிறிஸ்துமஸ் வெள்ளத்தையும் 1953-ஐயும் ஒப்பிட்டு 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, முன்னால் சதுப்பு இருந்த கரைகளில் உடைப்புகள் சிறியதாக இருந்தன என்று காட்டியது. கரை உடைந்த பிறகும் சதுப்பு வேலை செய்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

கேட்க வேண்டியதை இங்கேயும் கேட்டேன். அகலக் கரைக்கு இடம் எங்கே? கடல் பக்கம் அகலப்படுத்தினால் பாதுகாக்கப்பட்ட சதுப்பைத் தின்னும். நிலத்தின் பக்கம் அகலப்படுத்தினால் வயலைத் தின்னும். சோதனைத் துண்டில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டாயிற்று. ஜெர்மனி எல்லை வரை இதையே நீட்ட வேண்டும் என்றால் பத்து கிலோமீட்டருக்கு மேல் இந்தப் பேச்சுவார்த்தை நடக்க வேண்டும், அத்தனைக்கும் களிமண் காய வேண்டும். தம்பியின் ஆய்வு மேசையில் அடுத்து வருவது இந்தச் சேற்றுக் கணக்குதானாம். எந்தப் பாத்தியின் களிமண் எவ்வளவு சுருங்கியது என்ற அட்டவணையை ரயிலில் காட்டினான்.